திராட்சைச் சாலையும் கள்ளுச் சடக்கும்

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே 85 கிலோ மீட்டர் ஓடுகிற ஒரு சாலை இருக்கிறது. பிரான்ஸ் எல்லையில் ஷ்வைகன் என்ற சிற்றூரில் தொடங்கி வடக்கே பொக்கன்ஹைம் வரை போகிறது. 'ஜெர்மன் ஒயின் சாலை' என்று பெயர். அதற்கு அருகில், லுட்விக்ஸ்ஹாஃபன் நகரத்தில், என் தங்கை கணவருக்கு ரசாயனத் தொழிற்சாலையில் வேலை. இரண்டு வருடமாக "அத்தையைக் கூட்டிக்கிட்டு வாங்கக்கா" என்று போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒரு அக்டோபர் மாதம் அம்மாவும் நானும் போய் இறங்கினோம்.

அழகான இடம்தான், மறுக்க முடியாது. மேற்கே ஹார்ட் மலைத்தொடர் குளிர்காற்றை மறித்து நிற்கிறது. அதனால் ஜெர்மனியில் வேறெங்கும் சுலபமாக வளராத அத்திமரமும் பாதாமும் இங்கே வீட்டு முற்றத்திலேயே காய்க்கின்றன. இலையுதிர் காலத்தில் திராட்சைக்கொடி மஞ்சளும் சிவப்புமாக மாறியிருக்க, மலைச்சரிவு முழுக்கக் கோலம் போட்ட மாதிரி இருந்தது. நோய்ஸ்டாட்டுக்குப் பக்கத்தில் ஹாம்பாக் கோட்டை. 1832இல் மக்களாட்சி கேட்டு ஆயிரக்கணக்கானோர் கருப்பு, சிவப்பு, பொன் நிறக் கொடிகளோடு இதன் மேல் ஏறிப் போனார்கள். இன்றைய ஜெர்மன் கொடியின் நிறங்கள் அவைதாம். பாட் டுயர்க்ஹைம் ஊரில் 1934இல் கட்டிய ஒரு ராட்சத மரப்பீப்பாய் இருக்கிறது. 17 லட்சம் லிட்டர் பிடிக்குமாம். ஆனால் அதில் ஒயின் ஊற்றி வைக்கவில்லை, உள்ளே உணவகம் நடக்கிறது. அம்மாவுக்கு அந்தப் பீப்பாய்தான் மிகவும் பிடித்தது. "இதுக்குள்ள நம்ம லயத்து வீடு நாலு கட்டலாம்" என்றார்.

சாலை பிறந்த கதை அவ்வளவு அழகில்லை. 1935 அக்டோபர் 19 அன்று நாஜி ஆட்சி இதைத் திறந்து வைத்தது. அதற்கு முந்திய ஆண்டு விளைச்சல் அமோகம், விற்பனைதான் இல்லை. ஒயின் வணிகத்தில் பெரும்பங்கு வகித்த யூத வியாபாரிகளை நெருக்கி விரட்டிக்கொண்டிருந்த நேரம் அது. வாங்கி விற்கிறவனைத் துரத்திவிட்டு, தேங்கிப்போன சரக்கை விற்கச் சுற்றுலாப் பயணிகளை அழைப்பதற்காகப் போட்ட பெயர்தான் 'ஒயின் சாலை'. அடுத்த ஆண்டு ஷ்வைகனில் பெரிய கல் வாசல் ஒன்றும் எழுப்பினார்கள். அதன் முன்னால் நின்றுதான் இன்று எல்லாரும் படம் எடுத்துக்கொள்கிறோம். நாங்களும் எடுத்தோம்.

அக்டோபர் மாதத்தில் அந்த ஊர்களில் சாலையோரக் கடைகளில் 'ஃபெடர்வைசர்' என்று ஒன்று விற்கிறார்கள். ஒயின் ஆவதற்கு முந்தைய நிலை. பிழிந்த திராட்சைச் சாறு புளிக்கத் தொடங்கி இன்னும் அடங்காமல் இருக்கும். பால் கலந்த மாதிரி வெள்ளையாக, நுரைத்துக்கொண்டு, இனிப்பும் புளிப்புமாக இருக்கும். புட்டியை இறுக்கி மூடினால் வெடித்துவிடும் என்பதால் மூடியைத் தளர்வாக வைத்து, நிமிர்த்தியே பிடித்துக்கொண்டு போக வேண்டும். சில நாளில் குடித்துவிட வேண்டும். கூடவே வெங்காயம் போட்டுச் சுட்ட ஒரு பலகாரமும் தருவார்கள்.

தங்கை ஒரு குவளை வாங்கி மேசையில் வைத்தாள். அம்மா குடிக்கிறவர் இல்லை. பக்கத்தில் இருந்ததால் வாசம் அடித்திருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இது கள்ளு" என்றார். 

"இல்லம்மா, திராட்சை ரசம்" என்றாள் தங்கை.

"எனக்குத் தெரியாதா? பதினஞ்சு வருசம் இந்த வாசத்திலதான வளர்ந்தேன்." குவளையை மேசையின் அந்தப் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, வெங்காயப் பலகாரத்தை மட்டும் சாப்பிட்டார்.

அம்மா சொன்னதில் தப்பே இல்லை. தென்னம்பாளையை விரியவிடாமல் கட்டி, மெல்லத் தட்டித் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி முட்டியைக் கட்டினால் சாறு சொட்டும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது இனிப்புப் பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் முட்டியிலும் இருக்கிற ஈஸ்ட்டே வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இறக்கினது மத்தியானத்துக்குள் கள். மறுநாள் கடும் புளிப்பு, இன்னும் சில நாளில் காடி. ஃபெடர்வைசருக்கும் இதே கதைதான், சில நாள் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான். ஆனால் திராட்சைச் சாறு அடங்கித் தெளிந்து ஒயினானால் பத்து வருடம் நிலவறையில் தூங்கும், தூங்கத் தூங்க விலை ஏறும், கப்பலேறி நம் ஊர் பேரங்காடி வரைக்கும் வரும். கள்ளை எங்கேயும் அனுப்ப முடியாது. இறக்கின இடத்தில், இறக்கின அன்றே குடித்துத் தீர்க்க வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், நம் தோட்டங்களில் கள்ளுக்கடை ஏன் லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது என்பது புரியும்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு நம்முடைய சாலையில் போனேன். பிரிக்பீல்ட்ஸில் தொடங்கி, கிள்ளான், கேரித் தீவு, பந்திங், மோரிப். கிள்ளான் வழியாகச் சுற்றிப் போனால் எண்பது கிலோ மீட்டருக்குப் பக்கத்தில் வரும். ஒயின் சாலையின் நீளம்தான், கிட்டத்தட்ட. இதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. நான் 'கள்ளுச் சடக்கு' என்று வைத்துக்கொண்டேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

ரயில் போட்ட வழி

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரை வரைக்கும் ரயில் ஓடத் தொடங்கியது 1886இல். நகரத்தைக் கல்கட்டடமாக எழுப்பச் செங்கல் சுட்ட இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். பிறகு ரயில்வே ஊழியர்கள் குடியிருப்பாக மாறி, நம்மவர்களும் இலங்கைத் தமிழர்களும் நிறைந்த ஊரானது. துன் சம்பந்தன் சாலையில் பூக்கடைகளைத் தாண்டி நடந்தால் இன்றும் 1904ஆம் ஆண்டின் விவேகானந்தா ஆசிரமக் கட்டடம் நிற்பதைப் பார்க்கலாம். 2010இல் இந்தச் சாலையை 'லிட்டில் இந்தியா' என்று வண்ண வளைவு வைத்துத் திறந்தார்கள். அந்த வளைவுகளுக்கு அடியில் வாழையிலைச் சாப்பாடு, ஜவுளி, நகை எல்லாம் உண்டு. இங்கிருந்து தோட்டங்களுக்குப் போனவர்களைப் பற்றி மட்டும் எதுவும் எழுதியிருக்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் பசியாறிவிட்டு, கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கிள்ளான். கார் இருந்தாலும் இந்தத் துண்டை ரயிலில் போவதையே நான் சொல்வேன். பெட்டாலிங் ஜெயா, சுபாங், ஷா ஆலம் என்று ஜன்னலில் தெரிகிற அடுக்குமாடி நிலங்களில் பெரும்பகுதி ஒரு காலத்தில் பால்மரக் காடு. கிள்ளானுக்கு வடக்கே புக்கிட் ராஜா தோட்டம் இன்று பண்டார் புக்கிட் ராஜா என்ற வீடமைப்பு நகரம். அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, எது எது தோட்டமாக இருந்தது என்று விரலை நீட்டிக்கொண்டே வந்தார்.

கிள்ளானில் இறங்கினால் தெங்கு கிளானா சாலை நடந்து போகிற தூரம். மல்லிகைச் சரம், முறுக்கு, வெண்கலப் பாத்திரம். 1896இல் எழுந்த சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு, தம்பி மகன் காருடன் காத்திருந்த இடத்துக்கு வந்தோம். இதற்கு மேல் கார்தான்.

பன்னிரண்டு கோரிக்கைகள்

ஜெர்மனியில் திராட்சைக்கொடி பெரும்பாலும் அந்தந்தக் குடும்பத்துடையது. பீப்பாய் அவர்களுடையது, புட்டியில் ஒட்டுகிற பெயரும் அவர்களுடையது. நம் தோட்டத்துக் கள்ளுக்கு வாருங்கள். தென்னை தோட்ட நிர்வாகத்துடையது. கடை அரசாங்க உரிமம் பெற்றது. குடிக்கிறவனுக்குச் சம்பளம் போடுவதும் அதே துரைதான். காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, பால் வெட்டி, சம்பாதிக்கிற கூலியில் ஒரு பங்கு கள்ளுக்கடை வழியாகத் திரும்பிப் போய்விடும். அந்த லாபத்தில் கொஞ்சத்தைத் தொழிலாளர் நலனுக்கென்று ஒதுக்கித் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் தருவது உண்டு. "மாரியம்மனுக்கே கள்ளுக் காசுலதான் பூச" என்று பாட்டி கசப்போடு சொல்வாராம்.

பாட்டி கோலலங்காட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். 1941இல் அவருக்குப் பதினாறு வயது. அந்த வருடம்தான் கிள்ளான் வட்டாரமே நின்றுபோனது.

உலகப்போர் நடந்துகொண்டிருந்தது, ரப்பருக்கு நல்ல விலை. தமிழ்த் தொழிலாளிக்கு நாளுக்கு 50 காசு. அதே வேலைக்குச் சீனத் தொழிலாளிக்குக் கூடுதல். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் என்ற அமைப்பு இதைக் கேள்வி கேட்டது. தலைவர் ஒய்.கே. மேனன், முன்னணியில் நின்று தோட்டந்தோட்டமாகப் பேசியவர் ஆர்.எச். நாதன். இவர் 'தமிழ் நேசன்' நாளிதழில் வேலை பார்த்தவர். வேலைநிறுத்தக்காரர்கள் வைத்த பன்னிரண்டு கோரிக்கைகளை இன்று படித்தாலும் நெஞ்சு ஒரு கணம் நிற்கிறது. சம ஊதியம், பிள்ளைகளுக்குப் படிப்பு, மருத்துவ வசதி, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துதல், உறவினர்கள் தோட்டத்துக்குள் வந்து பார்க்க அனுமதி. துரையோ கிராணியோ எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகிற உரிமை. இவற்றோடு ஒன்றாக, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும்.

யார் கேட்டது என்று கவனியுங்கள். நீதிபதியோ பாதிரியாரோ மதுவிலக்குச் சங்கமோ கேட்கவில்லை. குடிக்கிறவர்களும் அவர்கள் மனைவிமாரும் சேர்ந்து, எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற கடையை எடுத்துவிடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டார்கள். குடி ஒழுக்கக்கேடு என்று அவர்கள் பேசியதாக நான் நினைக்கவில்லை. கூலியும் மரியாதையும் சைக்கிளும் இருக்கிற அதே தாளில் கள்ளுக்கடையும் இருந்தது என்றால், அது சம்பளப் பிரச்சினை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மே மாதம் 5ஆம் தேதி நாதனைக் கைது செய்தார்கள். தோட்டங்கள் கொதித்தன. ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போகவில்லை. சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்து இராணுவத்தை இறக்கினார்கள். அதில் இந்தியாவிலிருந்து வந்த படைவீரர்களும் இருந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் 5 பேர் இறந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அதே வருடம் டிசம்பரில் ஜப்பான்காரன் வந்துவிட்டான், பிறகு சயாம் ரயில்பாதை, பஞ்சம், சாவு. பெரிய துயரங்களுக்கு அடியில் இந்தத் துயரம் புதைந்து போனது.

பாட்டி இதில் எவ்வளவு கண்ணால் கண்டாரோ, எவ்வளவு கேட்டுச் சொன்னாரோ. அம்மாவிடம் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: அந்தச் சில வாரம் தாத்தா சைக்கிளில் உட்கார்ந்தபடியே பெரிய கிராணி வீட்டைத் தாண்டிப் போனார். பிறகு மறுபடி இறங்கினார்.

போர் முடிந்து 1946, 47இல் கெடாவில் தொண்டர் படை கிளம்பியதும் கள்ளுக்கடையை எதிர்த்துத்தான். பீடோங்கில் கள்ளுக்கடை முன் மறியல், போலீசோடு மோதல், அங்கேயும் சாவு விழுந்தது. வடக்கே என்ன நடந்தது என்பது நம் பிள்ளைகளுக்குப் பாதிகூடத் தெரியாது. இதைத் தனியாக எழுத வேண்டும்.

கிள்ளானிலிருந்து தெற்கே தெலுக் பங்லிமா காராங் தாண்டி வலதுபுறம் திரும்பினால் கேரித் தீவு. பாலம் கடந்ததும் இருபுறமும் செம்பனை, வேறு எதுவும் இல்லை. எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற தோட்டத் துரை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலாங்கூர் சுல்தானிடம் நிலம் பெற்றுக் காட்டை அழித்துத் தோட்டம் போட்டார். தீவின் ஒரு கரையில் மா மெரி பூர்வகுடி மக்களின் சுங்கை பும்புன் கிராமம் இருக்கிறது. மரத்தில் முகமூடி செதுக்குகிறார்கள், பார்க்க வேண்டியது. தமிழ்ப்பள்ளிகளும் இருக்கின்றன. செம்பனை நம் நாட்டில் வணிகப் பயிரானதும் சிலாங்கூரில்தான், 1917இல், கோல சிலாங்கூர்ப் பக்கம் தென்னமரம் தோட்டத்தில். போட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அவர் பிறந்த ஊர் பிராந்திக்குப் பேர்போன கொன்யாக் வட்டாரம். திராட்சை நாட்டிலிருந்து வந்தவர் இங்கே தமிழரை வைத்து எண்ணெய்ப்பனை நட்டார்.

கொஞ்சம் தள்ளி ஓரிடத்தில் அம்மா காரை நிறுத்தச் சொன்னார். அவர் பிறந்த தோட்டம் இப்போது வேறு கைக்கு மாறி, லயங்கள் போய், லாரி நிற்கிற திடலாக இருந்தது. அம்மா கீழே இறங்கவில்லை. ஜன்னலைத் திறந்து, "அதோ அந்த மரத்துக்கு இந்தப் பக்கம் கட. சம்பளத்தன்னிக்கு அம்மா என்னைத்தான் அனுப்புவாங்க. 'அப்பா சட்டையப் பிடிச்சிக்கிட்டு நில்லு, அழு' அப்படின்னு. அழுதா பாதிச் சம்பளம் வீட்டுக்கு வரும்" என்றார். ஏழு வயதாம். தாத்தா நல்லவர் என்பதையும் உடனே சேர்த்துச் சொன்னார். கள்ளுக்கடையில் அவர் நன்றாகப் பாடுவாராம்.

நான் அம்மாவிடம் கேட்டேன், கடையை மூடினபோது சந்தோஷப்பட்டீர்களா என்று. "மூடினாங்க. அப்புறம் சம்சு வந்துச்சு" என்றார், அவ்வளவுதான். தோட்டத்துக் கள் போன இடத்தில் மலிவான சம்சு புட்டிகள் வந்ததை நம்மில் நாற்பது வயதைத் தாண்டிய யாரும் மறந்திருக்க மாட்டோம். கள்ளைவிடப் பல மடங்கு வீரியம். 2018இல் கலப்படச் சாராயத்தின் மெத்தனால் விஷத்தால் கிள்ளான் பள்ளத்தாக்கில் 30 பேருக்கு மேல் செத்தார்கள். அதில் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் நிறைய. இன்றைக்குத் தோட்டத்திலும் கட்டுமானத்திலும் நம் தாத்தா நின்ற இடத்தில் நிற்பவர்கள் அவர்கள்தாம்.

இப்போது சில இளைஞர்கள் கள்ளைப் 'பாரம்பரிய பானம்' என்று மீட்டுக் கொண்டுவர வேண்டும் என்கிறார்கள். எனக்கு அதில் பகையில்லை. யாழ்ப்பாணத்தில் 1970களில் கள் இறக்குவோருக்கே கூட்டுறவுச் சங்கம் வைத்து, அவர்களே தவறணை நடத்தும் வழி வந்தது. மரம் ஏறுகிறவன் கையில் கணக்கு இருந்தது. அப்படி ஒன்று இங்கே வந்தால் நானே போய்ப் பார்த்து எழுதுவேன். ஆனால் பழைய கள்ளுக்கடையை ஓலைக்கூரை, முட்டி, குவளை என்று அலங்காரமாக மட்டும் கொண்டுவந்து உணவகம் திறப்பவர்கள், எங்கள் அம்மாவை முதல் நாள் விருந்தாளியாகக் கூப்பிட வேண்டாம்.

பந்திங்கில் மத்தியானச் சாப்பாடு. அங்கிருந்து ஜுக்ரா மலைப் பக்கம் திரும்பினால் 1905இல் கட்டிய பழைய சுல்தான் அரண்மனையும் பள்ளிவாசலும் இருக்கின்றன. மலைமேல் கலங்கரை விளக்கம். ஏறினால் கடலும் செம்பனையும் ஒரே பச்சையாகத் தெரியும். திராட்சைச் சரிவைவிட இது குறைச்சல் இல்லை. பெரிதுபடுத்தி விளம்பரம் செய்யத்தான் ஆளில்லை.

மோரிப் போய்ச் சேர்ந்தபோது நாலு மணி. 1945 செப்டம்பர் 9 அன்று ஜப்பான் சரணடைந்த பிறகு பிரிட்டிஷ், இந்தியப் படைகள் இறங்கிய கடற்கரை இது. சவுக்கும் தென்னையும். கரையோரம் இளநீர் விற்றுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்கள் தமிழைக் கேட்டுவிட்டு, "எந்தத் தோட்டம்மா நீங்க?" என்றார். கோலாலம்பூர் என்று நான் சொல்ல, அவர் காதில் வாங்காமல் அம்மாவைப் பார்த்தபடியே நின்றார். அம்மா தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அவருடைய அப்பா பக்கத்துத் தோட்டத்தில் கள் இறக்கியவராம். ஒரு நாளைக்கு எத்தனை மரம், காலையும் மாலையும் எப்படிப் பாளை சீவுவது, மழையில் மரம் எப்படி வழுக்கும் என்று கையால் சைகை காட்டிக்கொண்டே சொன்னார். "எங்க அப்பா குடிக்க மாட்டார் அக்கா. ஏறுறவன் குடிச்சா விழுந்துருவான்ல" என்று சொல்லிச் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். இளநீருக்குக் காசு வாங்க மறுத்தார், அம்மா கையில் திணித்தார்.

போக நினைக்கிறவர்களுக்கு: ரயிலைக் காலை எட்டு மணிக்குள் பிடித்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் கேரித் தீவுக் கடலுணவுக் கடைகளுக்குப் போகிற கார்கள் பாலத்தில் வரிசை கட்டும். வீட்டில் தோட்டத்தில் பிறந்த பெரியவர் இருந்தால் முன் இருக்கையில் உட்கார வையுங்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள்.